பத்துப் பேரில் ஏழு பேர்: பயனர் ஆய்வில் புள்ளியியல் பழகுவோருக்கு

பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் செயலி ஒன்றின் புதிய திரையைப் பத்துப் பேரிடம் கொடுத்துச் சோதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். மூன்று பேரால் முடியவில்லை. மறுநாள் கூட்டத்தில் "வெற்றி விகிதம் 70 சதவீதம்" என்று அறிக்கை வைக்கிறீர்கள். உடனே ஒருவர் கேட்கிறார்: "பத்தே பத்துப் பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?"

பயனர் ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள். ஆய்வு ஓரங்கட்டப்படுகிறது. அறையில் யார் குரல் ஓங்கியதோ அவர் விருப்பப்படி திரை வெளியாகிறது. இது தேவையில்லாத தோல்வி. பத்துப் பேரை வைத்துச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிரித்துக் காட்டத்தான் புள்ளியியல் இருக்கிறது. அதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம். வர்க்கமூலம் தெரிந்தால் போதும், கூடவே எக்செல் போன்ற ஒரு விரிதாள்.

சிறிய மாதிரிக்கு, அதாவது சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஒரு சிலருக்கு, புள்ளியியல் பொருந்தாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை வேறு. சராசரிகளை ஒப்பிட இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் டி-சோதனைக்கு வித்திட்டவர், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட். மூலப்பொருள்களின் தரத்தைச் சோதிக்க அவருக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவீடுகள்தாம். அவற்றிலிருந்து எவ்வளவு துணிந்து பேசலாம் என்பதற்கான கணக்கை 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்டார். நம் சிக்கலும் அதேதான்.

எந்த முடிவுக்காக இந்த ஆய்வு?

எண்களைத் தொடும் முன் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆய்வு முடிந்ததும் யார், எதைத் தீர்மானிக்கப் போகிறார்கள்? "பயனர்களைப் புரிந்துகொள்ள" என்பது பதிலாகாது. "இந்தத் திரையை இந்த மாதம் வெளியிடலாமா" என்பது பதில்.

பயனர் ஆய்வில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கும். திரையில் என்னென்ன குறைகள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது ஒன்று. திரை எந்த அளவுக்கு நன்றாக இருக்கிறது என்று அளப்பது இன்னொன்று. பழையதா புதியதா, எது மேல் என்று ஒப்பிடுவது மூன்றாவது. இந்த வகையைப் பொறுத்துத்தான் எத்தனை பேர் வேண்டும், என்ன கணக்குப் போட வேண்டும் என்பதெல்லாம். குறை கண்டுபிடிக்க ஐந்தாறு பேரை அழைத்துவிட்டு, அதே ஐந்தாறு பேரை வைத்து "80 சதவீதப் பயனர்கள் விரும்புகிறார்கள்" என்று எழுதுவதுதான் இந்தத் துறையில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை.

வெற்றி என்றால் என்ன?

இதையும் சோதனைக்கு முன்பே எழுத வேண்டும். "டிக்கெட் எடுத்துப் பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "நாளை இரவு சேலத்திலிருந்து மதுரைக்கு, ஜன்னலோர இருக்கை ஒன்று, ஏறுமிடம் புதிய பஸ் நிலையம்" என்று அச்சிட்ட சீட்டாகக் கையில் கொடுங்கள்.

இப்போது கவனியுங்கள். ஒருவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்து, தேதியை மட்டும் இன்றைக்கு வைத்துப் பணம் செலுத்திவிட்டார். "முடித்துவிட்டேன்" என்று மகிழ்ச்சியோடு போனைத் திருப்பிக் கொடுக்கிறார். இது வெற்றியா? நிஜ வாழ்க்கையில் அவர் நாளை இரவு பஸ் நிலையத்தில் பெட்டியோடு நின்றுகொண்டு, டிக்கெட் செல்லாது என்று கேட்கப் போகிறவர். என்னைக் கேட்டால் இதுதான் மிக மோசமான தோல்வி, ஏனென்றால் தோற்றது அவருக்கே தெரியவில்லை. இன்னொருவர் ஏறுமிடத்தைத் தேடித் திரையை மேலும் கீழும் தள்ளுகிறார், பெருமூச்சு விடுகிறார், உங்கள் முகத்தைப் பார்க்கிறார். நீங்கள் பொறுக்க மாட்டாமல் "கொஞ்சம் கீழே பாருங்கள்" என்று சொல்லிவிட்டால் அவரை வெற்றிக் கணக்கில் சேர்க்கலாமா? சேர்க்கக் கூடாது. இப்படிப்பட்ட இடங்களில் என்ன செய்வது என்பது முன்கூட்டியே எழுதப்படாவிட்டால், முடிவைப் பார்த்த பிறகு நமக்குப் பிடித்த பக்கம் கணக்கு சாயும். அது மனித இயல்பு. எழுதி வைத்த விதிதான் அதற்குக் கடிவாளம்.

பயனர் ஒவ்வொருவருக்கும் விரிதாளில் ஒரு வரிசை. வெற்றி என்றால் 1, தோல்வி என்றால் 0. எடுத்துக்கொண்ட நேரம் நொடிகளில். எந்த இடத்தில் தடுமாறினார் என்பது சொற்களில். இவ்வளவு போதும்.

எதிரில் அமர்ந்து பேசும்போது மனிதர்கள் இதமாகவே பேசுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து நிமிடம் திண்டாடியவரும் "நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள், செய்ததை எண்ணுங்கள்.

யாரைக் கேட்டோம்?

1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குக் கருத்துச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பெற்று வென்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். இதழ் முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் அவை இரண்டும் வசதி படைத்தவர்களின் பட்டியல்கள். அதற்கு மேல், சீட்டைப் பொறுப்பாகத் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலையில் இல்லை. அதைவிடப் பல மடங்கு சிறிய மாதிரியை வைத்து கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியான பெயரைச் சொன்னார்.

நம் செயலிகளிலும் இதே கோளாறு தினந்தோறும் நடக்கிறது. டிக்கெட் வாங்கி முடித்ததும் "எங்கள் சேவை எப்படி இருந்தது?" என்று ஒரு பெட்டி எழும்புகிறது. பாதியில் வெறுத்துப்போய் மூடியவர் அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. பணம் செலுத்தும் பக்கத்தில் மாட்டிக்கொண்டவரும் பார்ப்பதில்லை. வாங்க முடிந்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு, வாங்குவது எளிது என்று முடிவு கட்டுகிறோம். இந்தத் தவறை எந்தக் கணக்காலும் திருத்த முடியாது. கீழே நாம் போடப்போகும் கணக்குகள் எல்லாம் தற்செயலால் வரும் ஏற்ற இறக்கத்தை மட்டுமே அளக்கும். தவறான ஆட்களைத் தேர்ந்தெடுத்ததால் வரும் சாய்வை அளக்காது. இலட்சம் பேரைச் சேர்த்தாலும் அளக்காது.

எனவே ஆள் திரட்டும்போது உங்கள் பயனர்களைப் பிரிக்கும் இரண்டு மூன்று கோடுகளை முதலில் வரையுங்கள். முதல் முறை வருகிறவர், அடிக்கடி வருகிறவர். விலை குறைந்த சிறிய திரைப் போன் வைத்திருப்பவர். தமிழில் மட்டும் படிப்பவர். அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரை உட்கார வைத்துச் சோதித்தால் கிடைப்பது அலுவலகத்தைப் பற்றிய தகவல்.

எத்தனை பேர் வேண்டும்?

"ஐந்து பேர் போதும்" என்று ஒரு வாக்கியம் இந்தத் துறையில் வேதவாக்குப் போலச் சுற்றுகிறது. அதன் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கைத் தெரிந்துகொண்டால் வாக்கியம் எங்கே பொருந்தும் என்பது தெரிந்துவிடும். 1993-இல் பயன்பாட்டு ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பார்த்த திட்டங்களில் ஒரு சராசரிக் குறையில் ஒரு பயனர் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ 31 சதவீதம். அப்படியென்றால் மாட்டாமல் தப்பிக்கும் வாய்ப்பு 69 சதவீதம். ஐந்து பேரும் தப்பிக்கும் வாய்ப்பு 0.69-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது: சுமார் 16 சதவீதம். ஆகவே ஐந்து பேரில் ஒருவராவது மாட்டி, குறை நம் கண்ணில் படும் வாய்ப்பு 84 சதவீதம்.

எல்லாம் அந்த 31-ஐப் பொறுத்தது. பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் குறை என்றால்? 0.9-ஐ ஐந்து முறை பெருக்குங்கள்: 0.59. ஐந்து பேரில் அதைக் காணும் வாய்ப்பு 41 சதவீதம்தான். அதை 85 சதவீத உறுதியோடு காண 18 பேர் வேண்டும். இருபதில் ஒருவருக்கு வரும் குறைக்கு 37 பேர். பணம் கழிந்தும் டிக்கெட் வராமல் போவது போன்ற கோளாறு நூறில் ஒருவருக்கு வந்தாலே பெரிய விஷயம். அதைப் பிடிக்க ஏறத்தாழ 190 பேர் வேண்டும், அதாவது நேரில் உட்காரவைத்துச் செய்யும் சோதனையில் அதைப் பிடிக்கவே முடியாது. அதற்குச் செயலியின் பதிவேடுகளையும் வாடிக்கையாளர் புகார்களையும் பார்க்க வேண்டும்.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. "முப்பது பேரைச் சோதித்தோம், ஒருவருக்கும் அந்தக் கோளாறு வரவில்லை" என்றால் கோளாறே இல்லை என்று பொருளா? மூன்றை மொத்தப் பேரால் வகுத்துப் பாருங்கள். 3/30, அதாவது 10 சதவீதம். முப்பது பேரிடம் வராத கோளாறு, உண்மையில் பத்தில் ஒருவர் வரைக்கும் வரக்கூடும். முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள மாதிரிக்கு நன்றாகப் பொருந்தும் எளிய விதி இது.

அளப்பதற்கான ஆய்வு என்றால் கணக்கு வேறு. கருத்துக்கேட்பில் கிடைக்கும் சதவீதத்தின் பிழை அளவு, தோராயமாக ஒன்றை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். 100 பேர் என்றால் கூடவும் குறையவும் 10 சதவீதப் புள்ளிகள். 400 பேர் என்றால் 5. 1,600 பேர் என்றால் 2.5. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும் என்பதை நிதி கேட்கும்போது மேலாளரிடம் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம் துல்லியமாக" என்று அவர் கேட்பதன் விலை அப்போதுதான் அவருக்குப் புரியும்.

70 சதவீதம் எவ்வளவு அகலம்?

இனி முதலில் சொன்ன பத்துப் பேருக்கு வருவோம். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டு போவதானால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பத்துப் பேரில் ஏழு பேர் என்பது உங்கள் அறைக்கு வந்தவர்களின் கதை. வெளியே செயலியைப் பயன்படுத்தும் எல்லோரிலும் எத்தனை சதவீதம் பேரால் முடியும் என்பதே நமக்கு வேண்டியது. அது 70-ஆகவும் இருக்கலாம், 55-ஆகவும் இருக்கலாம். எந்த எல்லைக்குள் இருக்கும் என்று சொல்வதுதான் நம்பிக்கை இடைவெளி. சிறிய மாதிரிகளுக்கு ஏற்ற எளிய முறை ஒன்றை 1998-இல் புள்ளியியலாளர்கள் ஆலன் அக்ரெஸ்டியும் ப்ரெண்ட் கூலும் எழுதினார்கள். வெற்றி பெற்றவர்களோடு 2 கூட்டுங்கள். மொத்தப் பேரோடு 4 கூட்டுங்கள். அதாவது இல்லாத நான்கு பேரை, இரண்டு வெற்றி இரண்டு தோல்வியாகச் சேர்க்கிறோம். சிறிய மாதிரியில் வரும் மிகையான நம்பிக்கையை இது சற்றே அடக்குகிறது.

7-உடன் 2 சேர்ந்து 9. 10-உடன் 4 சேர்ந்து 14. 9-ஐ 14-ஆல் வகுத்தால் 0.643. அடுத்து, 0.643-ஐ அதன் மீதியான 0.357-ஆல் பெருக்குங்கள், 14-ஆல் வகுங்கள், வர்க்கமூலம் எடுங்கள். 0.128 வரும். இது திட்டப் பிழை, அதாவது தற்செயலால் விகிதம் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதன் அளவு. 95 சதவீத நம்பிக்கைக்கு உரிய எண் 1.96; இதை அதால் பெருக்கினால் 0.251. இதை 0.643-இலிருந்து கழித்தால் 0.39, கூட்டினால் 0.89.

ஆக, உண்மையான வெற்றி விகிதம் 39 சதவீதத்துக்கும் 89 சதவீதத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். அந்த 95-இன் பொருள் இது: இதே போன்ற ஆய்வை நூறு முறை செய்து நூறு இடைவெளிகள் கணக்கிட்டால், அவற்றில் சுமார் 95 இடைவெளிகளுக்குள் உண்மையான விகிதம் அடங்கியிருக்கும்.

அகலத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். முடிவோடு பொருத்திப் பாருங்கள். "நூறில் 95 பேராவது தடையில்லாமல் டிக்கெட் எடுக்க வேண்டும், அப்போதுதான் வெளியிடுவோம்" என்பது குழுவின் இலக்கு என்றால், 95 இந்த இடைவெளிக்கு வெளியே நிற்கிறது. "பத்துப் பேரை வைத்து என்ன சொல்ல முடியும்?" என்று கேட்டவருக்கு இதோ பதில்: இந்தத் திரை இலக்கை எட்டவில்லை என்று சொல்ல முடியும். இன்னும் நூறு பேரை அழைக்கத் தேவையில்லை. திருத்தும் வேலையைத் தொடங்கலாம். அதே சமயம், "பாதிக்கு மேற்பட்டவர்களால் முடிகிறது" என்று விளம்பரத்தில் போட முடியாது, ஏனென்றால் இடைவெளியின் கீழ் எல்லை 39. அதே 70 சதவீதம் நாற்பது பேரில் 28 பேரிடமிருந்து வந்திருந்தால் இடைவெளி 54 முதல் 82 வரை. நூறில் எழுபது என்றால் 60 முதல் 78 வரை.

ஐந்துக்கு ஐந்து பேரும் வென்றாலும் கொண்டாட்டம் வேண்டாம். அதே கணக்கைப் போட்டால் கீழ் எல்லை ஏறத்தாழ 50 சதவீதத்தில் வந்து நிற்கிறது.

நேரத்தின் சராசரி

எட்டுப் பேர் டிக்கெட் எடுக்க ஆன நொடிகள் இவை என்று கொள்வோம்: 38, 42, 45, 47, 51, 56, 64, 210. கூட்டி வகுத்தால் 69 நொடி. ஆனால் எட்டில் ஏழு பேர் 69-க்குக் கீழே இருக்கிறார்கள். ஒரே ஒருவருடைய 210 நொடி சராசரியை மேலே இழுத்துவிட்டது. நேர அளவீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும், ஏனென்றால் எவ்வளவு விரைந்தாலும் நேரம் ஓர் அளவுக்குக் கீழே போகாது, தாமதத்துக்கு மேல் எல்லை கிடையாது.

நடுவில் நிற்கும் இடைநிலை அளவு இங்கே 49. பெருக்குச் சராசரி (எட்டு எண்களையும் பெருக்கி எட்டாம் மூலம் எடுத்தால் வருவது) 58. இருபத்தைந்து பேருக்கும் குறைவான சோதனைகளில் நேரத்தைச் சுருக்கிச் சொல்லப் பெருக்குச் சராசரியைப் பயன்படுத்துவது நல்லது என்பது பயனர் ஆய்வாளர்கள் ஜெஃப் சௌரோ, ஜேம்ஸ் லூயிஸ் ஆகியோரின் பரிந்துரை. எக்செலில் 'ஜியோமீன்' என்ற கட்டளை அதைத் தந்துவிடும்.

அதற்காக அந்த 210 நொடிக்காரரை உடனே நீக்கிவிடாதீர்கள். ஒளிப்பதிவைத் திரும்பப் பாருங்கள். நடுவில் வீட்டிலிருந்து போன் வந்து பேசியிருந்தால், காரணத்தை எழுதிவிட்டு அந்த அளவை விடலாம். இருக்கை வரைபடத்தில் எது ஜன்னலோரம் என்று தெரியாமல் இரண்டு நிமிடம் தேடியிருந்தால், உங்கள் ஆய்வின் மதிப்புமிக்க வரிசை அதுதான். இன்னொன்று: நேரம் அளக்கும் சோதனையில் "மனத்தில் தோன்றுவதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். பேச்சும் நேரத்தைத் தின்னும்.

கேள்வித்தாள் மதிப்பெண்கள்

பயன்பாட்டு எளிமையை அளக்கப் பரவலாகப் பயன்படுவது எஸ்.யு.எஸ். எனப்படும் பத்துக் கேள்வி அளவுகோல். ஜான் ப்ரூக் 1986-இல் உருவாக்கியது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில். ஒற்றைப்படைக் கேள்விகள் பாராட்டாகவும் இரட்டைப்படைக் கேள்விகள் குறையாகவும் அமைந்திருக்கும். ஒற்றைப்படைப் பதிலிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படையில் 5-இலிருந்து பதிலைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்க வேண்டும். ஒருவர் வரிசையாக 4, 2, 4, 1, 3, 2, 5, 2, 4, 3 என்று பதில் அளித்தால் ஒற்றைப்படையில் 15, இரட்டைப்படையில் 15, மொத்தம் 30, மதிப்பெண் 75. இது சதவீதம் அல்ல. பல நூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரி 68 அளவில் நிற்கிறது. எனவே 50 வாங்கியது பாதித் தேர்ச்சி பெற்றதாக ஆகாது, சராசரிக்கு வெகு கீழே இருக்கிறது. தமிழில் மொழிபெயர்த்துக் கேட்பதானால், குறை சொல்லும் வாக்கியங்களைச் சிலரிடம் முதலில் வாசித்துக் காட்டி, எந்தப் பக்கம் பதில் சொல்ல வேண்டும் என்று குழம்புகிறார்களா என்று பாருங்கள்.

அடுத்தது, "எங்களை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்ற 0 முதல் 10 வரையிலான கேள்வி. ஃப்ரெட் ரெய்க்ஹெல்ட் 2003-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதியதிலிருந்து பெரிய நிறுவனங்களின் மேசைகளில் எல்லாம் இது இருக்கிறது. 9, 10 தந்தவர்களின் (ஆதரவு) சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை தந்தவர்களின் (எதிர்ப்பு) சதவீதத்தைக் கழித்தால் வருவது என்.பி.எஸ். (நெட் ப்ரமோட்டர் ஸ்கோர்).

இந்த எண்ணைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஆதரவு, எதிர்ப்பு எண்ணிக்கைகளும் நம்பிக்கை இடைவெளியும் இல்லாமல் இதைத் தனியே அச்சிடக் கூடாது. நூறு பேரில் 40 பேர் ஆதரவு, 30 பேர் எதிர்ப்பு, மீதி நடுவில் என்றால் மதிப்பெண் 10. நூறில் 10 பேர் ஆதரவு, எதிர்ப்பே இல்லை, 90 பேர் நடுவில் என்றாலும் மதிப்பெண் 10. முதல் நிறுவனத்தில் வாடிக்கையாளர்கள் இரண்டாகப் பிளந்து கிடக்கிறார்கள். இரண்டாவதில் யாருக்கும் எந்த உணர்வும் இல்லை. இடைவெளியைக் கணக்கிட, ஆதரவு விகிதத்தையும் எதிர்ப்பு விகிதத்தையும் கூட்டி, இரண்டின் வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கழித்து, மாதிரி எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் பெருக்க வேண்டும். முதல் நிறுவனத்துக்கு 0.7-இலிருந்து 0.01 போக 0.69, நூறால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.083, பெருக்கினால் 0.16. அதாவது அந்த 10 என்பது கழித்தல் 6 முதல் 26 வரை எதுவாகவும் இருக்கலாம். சென்ற காலாண்டில் 14, இந்தக் காலாண்டில் 10 என்பதற்காகச் சேவைப் பிரிவில் ஒருவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார்கள் என்றால், தற்செயல் செய்ததற்கு அவர் தண்டனை அனுபவிக்கிறார். ஒருவருடைய சம்பள உயர்வு இந்த எண்ணில் தொங்குகிறது என்றால், அதன் பிழை அளவைச் சொல்ல வேண்டியது ஆய்வாளரின் கடமை.

பழையதா, புதியதா?

ஏ/பி சோதனை நடத்துகிறீர்கள், அதாவது வருகிறவர்களைத் தற்செயலாக இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்குப் பழைய திரையையும் மறுபகுதிக்குப் புதியதையும் காட்டுகிறீர்கள். பழைய திரையைப் பார்த்த 1,000 பேரில் 50 பேர் டிக்கெட் வாங்கினார்கள். புதிய திரையைப் பார்த்த 1,000 பேரில் 62 பேர். "விற்பனை 24 சதவீதம் உயர்ந்தது!" என்று யாராவது உடனே செய்தி அனுப்புவார். கணக்கு பொய்யில்லை, 50-க்கு மேல் 12 என்பது 24 சதவீதம்தான். ஆனால் அந்த 12 பேர் திரையால் வந்தார்களா, தற்செயலால் வந்தார்களா?

ஒவ்வொரு பக்கத்துக்கும் விகிதத்தை அதன் மீதியால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். பழையது: 0.05 × 0.95 ÷ 1000 = 0.0000475. புதியது: 0.062 × 0.938 ÷ 1000 = 0.0000582. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.0103. 1.96-ஆல் பெருக்க 0.020. வித்தியாசமோ 0.012. எனவே உண்மையான வித்தியாசம் 0.8 சதவீதப் புள்ளி இழப்பு முதல் 3.2 சதவீதப் புள்ளி ஆதாயம் வரை இருக்கலாம். இடைவெளிக்குள் பூஜ்யம் இருக்கிறது. புதிய திரை மேல் என்று இந்தத் தரவு இன்னும் சொல்லவில்லை. மேல் இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பலர் மறந்துவிட்டு, நல்ல திரைகளைக் குப்பையில் போடுகிறார்கள்.

5 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயரும் ஒரு மாற்றத்தை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 8,000 பேர் வேண்டும். இந்தக் கணக்கைச் சோதனைக்கு முன்பே போட்டு, நிறுத்தும் நாளைக் குறித்துவிடுங்கள். குறித்தபின் தினமும் எட்டிப் பார்த்து, நமக்குச் சாதகமாக இருக்கும் நாளில் நிறுத்தக் கூடாது. உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு திரைகளை ஒப்பிடும்போது, ஒரே ஒரு முறை கடைசியில் பார்த்தால் தவறாக "வித்தியாசம் இருக்கிறது" என்று சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம். நடுவில் சமமான இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, எப்போது சாதகமோ அப்போது நிறுத்தினால் அது 14 சதவீதமாகிறது. இருபது வெவ்வேறு அளவுகளை ஒப்பிட்டால், ஒன்றாவது பொய்யாகப் பளிச்சிடும் வாய்ப்பு 64 சதவீதம். எந்த ஒன்றை வைத்து முடிவு செய்யப் போகிறோம் என்பதை முதலிலேயே குறிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆயிரக்கணக்கான பேர் வராத சிறிய தளம் என்றால், அதே ஆட்களிடம் இரண்டு திரைகளையும் கொடுத்துப் பார்க்கலாம். பாதிப் பேர் பழையதை முதலிலும், பாதிப் பேர் புதியதை முதலிலும் பார்க்கட்டும். இல்லாவிட்டால் இரண்டாவதாக வருவது பழக்கத்தாலேயே எளிதாகத் தோன்றும். முடிவைப் பார்க்கும்போது இரண்டிலும் வென்றவர்களையும் இரண்டிலும் தோற்றவர்களையும் ஒதுக்கிவிடுங்கள். ஒன்றில் மட்டும் வென்றவர்கள்தாம் ஒப்பீட்டுக்கு உதவுவார்கள். பன்னிரண்டு பேரில் அப்படிப்பட்டவர்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் புதிய திரையில்தான் வென்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாணயத்தைச் சுண்டி ஐந்து முறையும் ஒரே பக்கம் விழும் வாய்ப்பு 32-இல் 2, ஏறத்தாழ 6 சதவீதம். வழக்கமான 5 சதவீத எல்லையைத் தொடவில்லைதான். ஆனால் ஒரு பொத்தானின் இடத்தை மாற்றுவதற்கு இந்த ஆதாரம் எனக்குப் போதும். மருந்து கொடுப்பதற்குப் போதாது. எல்லையை எங்கே வைப்பது என்பது தவறினால் யாருக்கு என்ன இழப்பு என்பதைப் பொறுத்தது.

அறிக்கையில் எழுதுவது

சதவீதத்தைத் தனியே விடாமல் எண்ணிக்கையையும் இடைவெளியையும் பக்கத்தில் வையுங்கள். யாரைச் சோதித்தீர்கள், யாரைச் சோதிக்கவில்லை என்பது முதல் பத்தியிலேயே வரட்டும். பின்னிணைப்பில் ஒளிந்துகொள்ள வேண்டாம். ஒரு மாதிரி வாக்கியம்:

"பத்துப் பேரில் ஏழு பேர் குறித்தபடி டிக்கெட் எடுத்தார்கள் (95 சதவீத இடைவெளி: 39 முதல் 89 வரை). நமது இலக்கான 95 இதற்கு வெளியே உள்ளது. தோற்ற மூவரில் இருவர் தேதித் தேர்வில் தவறினார்கள். இருவருக்கும் தவறியது தெரியவில்லை. பங்கேற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இணையத்தில் டிக்கெட் எடுத்துப் பழகியவர்கள். முதல் முறை வருபவர்களைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லாது."

படிப்பவர் இடைவெளியைப் பார்த்து மிரளுவார் என்று நினைத்து அதை எடுத்துவிடாதீர்கள். தேர்தல் காலத்தில் தொலைக்காட்சியில் "இத்தனை முதல் இத்தனை தொகுதிகள்" என்ற கணிப்புகளைப் பார்த்துப் பழகியவர்கள்தாம் நம் மேலாளர்கள். வரைபடத்தில் சதவீதத்துக்கு ஒரு புள்ளியும் இடைவெளிக்கு ஒரு கோடும் போட்டால் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள்.

பணிச் சீட்டின் வாசகத்தையும், வெற்றிக்கான விதியையும், பெயர் நீக்கிய விரிதாளையும் ஒரே கோப்புறையில் தேதியிட்டு வைத்துவிடுங்கள். தேதித் தேர்வைத் திருத்திய பிறகு புதிதாகப் பத்துப் பேரை அழைக்கும்போது, ஒரு சொல்லும் மாறாமல் அதே சீட்டைக் கொடுங்கள். சீட்டும் திரையும் சேர்ந்து மாறினால், வந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரிக்க வழியில்லை.